அணில் ஏற இலை இல்லை

நவம்பர் பதினாறாம் தேதி, சனிக்கிழமை காலை, பொறியியல் கல்லூரியின் இரண்டாம் மாடிக் கணினிக்கூடத்தில் மாணவர் ஹேக்கத்தான் தொடங்கியது. வெண்பலகையில் ஒரே ஒரு சொல் இருந்தது: இயற்கை. மறுநாள் மதியத்துக்குள் அதை வைத்து ஒரு விளையாட்டு செய்து முடிக்க வேண்டும். வெல்லும் குழுவில் ஒருவருக்கு கேம் நிறுவனத்தில் வேலை.

டீச்சருக்கு அந்த வேலை வேண்டும். டீச்சர் என்பது பட்டப்பெயர். யார் வாயைத் திறந்தாலும் திருத்துவாள் என்பதால் வகுப்பே சேர்ந்து வைத்தது. வேலை கிடைக்காவிட்டால் படிப்பு முடிந்ததும் சித்தப்பாவின் டைல்ஸ் கடை. "உன் சித்தப்பா வாய்விட்டுக் கேட்டுட்டான். திங்கட்கிழமை நான் பதில் சொல்லியாகணும்" என்று அப்பா சொல்லியிருந்தார்.

கூட்டாளி பல்லி. ஒல்லியாக இருப்பாள், எந்தச் சுவரைக் கண்டாலும் ஒட்டிக்கொண்டு நிற்பாள். படம் வரைய மட்டும் வந்திருந்தாள். வேலையைப் பற்றிக் கேட்டதற்கு, "எனக்கு எதுக்குடி? மதியச் சாப்பாடு தர்றாங்களாமே, அது போதும்" என்றாள்.

விளையாட்டு எளிமையானது. ஓர் அணில் இலைக்கு இலை தாவி மரத்தின் உச்சிக்குப் போக வேண்டும். தவறி விழுந்தால் கடைசியாக நின்ற இலையும் உதிர்ந்துவிடும். உதிர்ந்தது திரும்ப முளைக்காது. கணினியை அணைத்துப் போட்டாலும் முளைக்காது. இந்த விதி டீச்சருடையது. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

"புதுசா ஆரம்பிக்க ஒரு பட்டன் வைக்க வேணாமா?" என்று பல்லி கேட்டாள்.

"மரத்துக்குப் பட்டன் இருக்காடி? போனா போனதுதான். அதுதான் இயற்கை."

"எல்லாமே போயிடுச்சுன்னா?"

"எப்படிப் போகும்? நாம எத்தனை தடவை ஆடினோம், விழுந்தோமா?"

விழவில்லை. எந்த இலையில் எப்போது தாவ வேண்டும் என்பது அவர்கள் விரல்களுக்கு மனப்பாடம். செய்தவர்களே ஆடிப் பார்த்த விளையாட்டில் அணில் ஒவ்வொரு முறையும் ஜம்மென்று உச்சிக்குப் போனது.

ஞாயிறு மதியம் நிரல்களைப் பூட்டிவிட்டார்கள். அதன் பிறகு அவற்றில் யாரும் கைவைக்கக் கூடாது, ஆட மட்டும் செய்யலாம். பார்வையாளர்கள் வந்தார்கள்: மாணவர்களின் பெற்றோர், தம்பி தங்கைகள், வேறு துறை ஆசிரியர்கள். மற்ற மேசைகளில் ஈ ஓட்டிக்கொண்டிருக்க, அணில் மேசையில் மட்டும் வரிசை வாசல்வரை நீண்டது. டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. இந்த நேரத்தில் முகம் கழுவிக்கொள்ளலாம் என்று போனாள்.

திரும்பி வரும்போது மேசையைச் சுற்றி ஒரே சிரிப்பு. எட்டிப் பார்த்தாள். ஒரு மாணவனின் அம்மா அணிலை இலை நுனிவரை நடத்திக்கொண்டு போய், நின்று நிதானமாகக் கீழே தள்ளினார். உதிர்ந்த இலை பம்பரமாகச் சுழன்று இறங்கியது. கூட்டம் கைதட்டியது.

"அம்மா, தொட்டில் மாதிரி ஆடுற இலையைத் தள்ளும்மா!"

"இருடா, இன்னும் என் முறை முடியல."

அடுத்து வந்த கணிதப் பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அணிலை நேரே கீழே குதிக்க வைத்தார். இலை அணிலின் தலையில் போர்வைபோல விழ, அடியிலிருந்து அது எட்டிப் பார்த்தது. பேராசிரியர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

டீச்சர் பல்லியைத் தனியே இழுத்தாள். "என்னடி இது?"

"ஒவ்வொரு இலையும் ஒவ்வொரு மாதிரி விழுற மாதிரி வரைஞ்சேன். சும்மா தொப்புன்னு விழுந்தா நல்லாவா இருக்கும்?"

"எங்கிட்ட சொன்னியா?"

"நீ விழுந்திருந்தா நீயே பார்த்திருப்ப."

டீச்சர் திரையில் மரத்தைப் பார்த்தாள். பாதி மொட்டை. உச்சிக்குப் போக ஒருவரும் முயலவில்லை. "போதும், மேல ஏறுங்க, தயவுசெஞ்சு மேல ஏறுங்க" என்று கெஞ்சினாள். வரிசையில் நின்ற ஒருவர், "எங்க முறை வரும்போது மட்டும் நிறுத்தச் சொல்றீங்களேம்மா" என்று கோபித்துக்கொண்டார்.

நடுவர் வந்தபோது மரத்தில் ஓர் இலைகூட இல்லை. கேம் நிறுவனத்திலிருந்து வந்திருந்த அந்த அம்மாள் பட்டனை அழுத்தினார். அணில் தாவியது, அதே இடத்தில் விழுந்தது. மறுபடி தாவியது, விழுந்தது. உதிர எதுவும் மிச்சமில்லை.

"இலையெல்லாம் எங்கே?"

பல்லி முந்திக்கொண்டாள். "அதான் மேடம் கருத்தே! மனுஷங்க இயற்கையை..."

"இல்ல மேடம்," என்றாள் டீச்சர். தன் குரலே அவளுக்கு வேற்றாள் குரலாகக் கேட்டது. "மறுபடி தொடங்க வழி வைக்கல. என் தப்பு. யாரும் வேணும்னே விழுவாங்கன்னு நான் நினைக்கவே இல்ல."

"வேணும்னே விழுந்தாங்களா? ஏன்?"

கூட்டத்திலிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். ஒருவர் கையைச் சுழற்றிக் காட்டினார். மாணவனின் அம்மா தொட்டில் இலை ஆடிய விதத்தைத் தோளாலேயே ஆடிக் காண்பித்தார்.

நடுவர் பல்லியின் பக்கம் திரும்பினார். "நீங்க வரைஞ்சதா?"

"ஆமா மேடம். ஏன், தப்பா?"

முதல் பரிசு அணில் விளையாட்டுக்கு என்று அறிவித்தார்கள். வேலை படம் வரைந்தவருக்கு. பல்லி சுவரோடு ஒட்டிக்கொண்டு, "நானா? நானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். டீச்சர் கைதட்டினாள், மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

மே மாதம் படிப்பு முடிந்தது. ஜூன் முதல் வாரத்தில் பல்லி கேம் நிறுவனத்திலும் டீச்சர் டைல்ஸ் கடையிலும் சேர்ந்தார்கள்.