இடப்பக்க இருக்கை

“அவரு தொடக் கூடாது.”

பெட்டியின் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்த சிப்பாய்கள் நிமிர்ந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பாண்டிசெல்வி நீட்டிய விரல் யாரைக் காட்டுகிறது என்பது தெரிந்தது. ஹவில்தார் ஜெயபாண்டி மூடியின் மேலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அவர் நெற்றியில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி வேர்வையில் ஓரம் பிரிந்து நின்றது.

“ஏட்டி, சும்மா இருக்க மாட்ட?” கணவன் இசக்கிமுத்து அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தான். “ஊரே பார்க்குது.”

“பார்க்கட்டும்.”

மூடி திறந்தது. அம்மா செல்லத்தாய் பெட்டியின் மேல் விழுந்தாள். உள்ளே தம்பி அழகுராஜா. முகத்தில் யாரோ பவுடர் பூசியிருந்தார்கள். மீசையை ஓரம் பார்த்துக் கத்தரித்திருந்தார்கள். அவன் ஒருநாளும் அப்படி வைத்துக்கொண்டதில்லை. அவனுடைய இந்த முகத்தையும் அவர்களே முடிவு செய்திருக்கிறார்கள் என்று பாண்டிசெல்விக்குத் தோன்றியது. அழுகை வரவில்லை. மூன்று நாளாக அது தொண்டை வரைக்கும் வந்து வேறொன்றாக மாறிப்போகிறது.

திங்கட்கிழமை சாயங்காலம் போன் வந்தது. மலைப்பாதையில் ஜீப் பள்ளத்தில் விழுந்துவிட்டது. ஓட்டியவர் நாயக் அழகுராஜா. அதிவேகம். அவனோடு சேர்த்து மூன்று பேர் போய்விட்டார்கள். மற்ற இருவரும் புதிதாகச் சேர்ந்த சிப்பாய்கள். ஒருவன் தேனிப் பக்கத்துப் பையன். அதிகாரி கால் முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். ஹவில்தார் ஜெயபாண்டிக்கு நெற்றியில் தையலோடு போயிற்று.

ஓட்டியவர் நாயக் அழகுராஜா.

அன்று மதியம் ராஜபாளையத்தில், மில்லில் அவள் தூக்குவாளியைத் திறந்தபோதுதான் அவன் வீடியோவில் கூப்பிட்டான். வண்டியில் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தான். ஜன்னலுக்கு வெளியே பனி.

“எங்க சாரு வண்டி ஓட்டுதாருக்கா. சாவிய எங்கிட்ட இருந்து பிடுங்கிட்டாரு. இன்னைக்கு நான்தான் ஆபீசரு.”

போனைத் திருப்பினான். கறுப்புக் கண்ணாடி போட்ட இளைஞர் ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரித்தார். பின் இருக்கையில் இரண்டு பையன்களுக்கு நடுவிலிருந்து ஜெயபாண்டி தலையை நீட்டினார். “தங்கச்சி, சாப்பிட்டியா? என்ன குழம்பு?”

“புளிக்குழம்புண்ணே.”

“எனக்கு ஒரு வாய் வையி.”

அதோடு படம் உறைந்து, அழைப்பு அறுந்தது.

ஜெயபாண்டிக்குத் தளவாய்புரம். லீவில் வந்தபோதெல்லாம் மடவார் வளாகத்தில் இந்த வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போனவர். அவர் சொல்லிவிடுவார் என்றுதான் முதல் நாள் முழுக்க அவள் நினைத்திருந்தாள். எழுதியதில் ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, அவர் பார்த்துச் சரிசெய்துவிடுவார் என்று நினைத்திருந்தாள்.

இரண்டாம் நாள் அப்பாவிடம் சொன்னாள். “அவன் ஓட்டலப்பா. நான் என் கண்ணால பார்த்தேன்.”

சங்கிலிப்பாண்டி அதே பட்டாலியனில் பதினேழு வருஷம் இருந்து, நாயக்காக ஓய்வு பெற்று வந்தவர். அவளை நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

“நீ பார்த்தது ஒரு நிமிசம். அதுக்குப் பொறவு மாறி உக்காந்திருப்பான்.”

“சாவியப் பிடுங்கிட்டாருன்னு அவனே சொன்னான்ப்பா.”

“என் பட்டாலியன் பொய் எழுதாது தாயி. கூட இருந்த ஜெயபாண்டியே சாட்சி சொல்லியிருக்கான். அதுக்கு மேல என்ன வேணும்?”

அதற்கு மேல் அவர் வேறொன்று செய்தார். அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. ஜெயபாண்டிக்குப் போன் போட்டு, தேனிப் பையன் வீட்டு நம்பரைக் கேட்டு வாங்கினார். அவர்களைக் கூப்பிட்டு, சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, “எம்மவனால உங்க புள்ள போயிட்டான். வந்து கால்ல விழுதேன். எங்களை மன்னிச்சிருங்க” என்றார். மறுமுனையில் ஒரு பெண் கத்துவது அறை முழுக்கக் கேட்டது. என்ன சொன்னாள் என்று விளங்கவில்லை. அப்பா போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. அவள் திட்டி முடிக்கும் வரை, “ஆமாத்தா, ஆமாத்தா” என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

நம்பரைக் கொடுத்தது ஜெயபாண்டி. எதற்காகக் கேட்கிறார் என்று தெரிந்தே கொடுத்திருக்கிறார்.

தெருமுனையில் பையன்கள் கட்டியிருந்த வீரவணக்க பிளக்ஸையும் அப்பாவே அவிழ்க்கச் சொல்லிவிட்டார். “ரெண்டு தாய் வயித்துல மண்ணள்ளிப் போட்டவனுக்கு என்னலே வணக்கம்?” என்றாராம். இப்போது பந்தலின் கடைசியில் நீல நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் கையைப் பிடிக்கும்போது கையைக் கொடுத்தார். முகத்தைக் கொடுக்கவில்லை.

கோயில் தெருவிலிருந்து ஒருவர் வந்து இசக்கிமுத்துவிடம் மெதுவாகச் சொன்னார். “உச்சிப் பூசை நிக்குது. பிரேதம் இருக்கையில நடை திறக்க முடியாதுல்ல. செத்த வெரசாப் பாருங்க மாப்பிள்ளை.”

அப்போதுதான் ஜெயபாண்டி கை கழுவ வீட்டின் பின்பக்கம் போனார். பாண்டிசெல்வி பின்னாலேயே போனாள்.

தொட்டிக்குப் பக்கத்தில், வந்தவர்கள் காப்பி குடித்த எச்சில் டம்ளர்கள் குவிந்து கிடந்தன. அவர் குழாயைத் திறந்தார். அவள் மூடினாள்.

“யாருண்ணே ஓட்டுனது?”

அவர் மூடிய குழாயையே பார்த்தார்.

“என்ன குழம்புன்னு கேட்டீயளா இல்லையா?”

“கேட்டேன்.”

“அப்ப யாரு கையில இருந்துச்சு ஸ்டியரிங்கு?”

பந்தலில் யாரோ புதிதாக வந்து அழும் சத்தம் எழுந்து அடங்கியது. ஜெயபாண்டி ஈரமில்லாத கையைக் கால்சட்டையில் துடைத்தார்.

“போன வருசம் ஒரு பனிச்சரிவுல எனக்குக் கால் மாட்டிக்கிச்சு தங்கச்சி. மேல இருந்து இன்னும் இறங்கிக்கிட்டு இருக்கு. என்னைய விட்டுட்டுப் போங்க சார்னு நானே சொன்னேன். எல்லாரையும் கீழ அனுப்பிட்டு அந்த ஆபீசர் பையன் மட்டும் போகல. இருவத்தாறு வயசு. வெறுங்கையால தோண்டுனாரு. நகமெல்லாம் போச்சு. நான் இன்னைக்கு நிக்கேன்னா அவரால நிக்கேன்.”

“சரி.”

“ஒரு நிமிசம் கவனம் பிசகிட்டாரு. அவருன்னு தெரிஞ்சா எல்லாம் போச்சு. கோர்ட்டு, ஜெயிலு. ஆஸ்பத்திரியில என்னையப் பார்த்ததும் என் கையப் பிடிச்சிக்கிட்டாரு. ஒண்ணுமே கேக்கல. சும்மா பிடிச்சிக்கிட்டாரு.”

“ஒண்ணுமே கேக்கலையா? நீங்களாவே எந்தம்பி பேரைக் குடுத்தீயளா?”

“உங்கப்பாட்டக் கேளு. அவுகளுக்குப் புரியும்.”

“எங்கப்பா நேத்து யாரோ ஒரு பொம்பளகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு நின்னாருண்ணே. நம்பரு நீங்க குடுத்தது. உங்களைத் தோண்டி எடுத்தாரு, நல்லாருக்கட்டும். அதுக்கு எந்தம்பியவா புதைப்பீய?”

அவர் முகம் ஒருமுறை கோணிச் சரியானது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஒரு வழி இருக்கு. நான் ஓட்டுனேன்னு சொல்லிருதேன்.”

அவளுக்கு முதலில் புரியவில்லை.

“நான்தான் ஓட்டுனேன், பயத்துல மாத்திச் சொல்லிட்டேன்னு சொல்லிருதேன். இப்பமே உங்கப்பாட்டச் சொல்லுதேன். வாசல்ல எல்லாரு முன்னாலயும் சொல்லுதேன். அழகு பேரு கழுவிரும். எனக்கு என்ன தண்டனை குடுக்காகளோ குடுக்கட்டும். சாரை மட்டும் சொல்லச் சொல்லாத.”

சொல்லிவிட்டுக் கைகளைப் பக்கவாட்டில் நீட்டி நிமிர்ந்து நின்றார். கண் அவள் தலைக்கு மேலே மதில் சுவரைப் பார்த்தது. அவள் சரி என்றால் அந்த நொடியே பந்தலுக்கு நடந்துபோய்ச் சொல்லிவிடுவார். அது அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

ஒரு வார்த்தைதான். அப்பாவின் தலை நிமிர்ந்துவிடும். தேனியில் அந்தத் தாய் வேறு யாரையாவது திட்டிக்கொள்வாள். எச்சில் டம்ளர்கள் மேல் ஈக்கள் எழுந்து எழுந்து உட்கார்ந்தன. பாண்டிசெல்விக்கு அதைச் சொல்லிவிட ஆசையாக இருந்தது. அந்த ஆசைதான் அவளை மேலும் எரித்தது.

“உங்களுக்கு எத்தனை புள்ளைகண்ணே?”

“ரெண்டு பொட்டப்புள்ளைக.”

“அதுககிட்டயும் நீங்கதான் மூணு பேரைக் கொன்னதாச் சொல்லுவீயளா?”

மதில் சுவரிலிருந்து அவர் கண் தரைக்கு இறங்கியது.

“அப்பவும் அந்தாளு பேரு வெளிய வராது.”

“வராது.”

“செத்தவன் ஓட்டுனான்னு சொல்லுவீய. முடியலன்னா உசுரோட இருக்கவன் ஓட்டுனான்னு சொல்லுவீய. ஓட்டுனவன் மட்டும் ஓட்டவே இல்ல.” அவள் ஓரடி முன்னால் வந்தாள். “எந்தம்பியும் உங்களை அண்ணேன்னுதான கூப்பிட்டான்? அவனுக்கு நீங்க ஒண்ணுமே கடன்படலையா? அவன் தோண்டி எடுக்கலங்கிறதுனாலயா?”

“தங்கச்சி...”

“கூப்பிடாதீய.”

அவள் திரும்பி விறுவிறுவென்று முன்வாசலுக்கு வந்தாள். பெண்கள் வரிசையாக வந்து வாய்க்கரிசி போட்டுக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்குள் தம்பியின் உதட்டிலும் பித்தளைப் பொத்தான்களிலும் அரிசி சிதறிக் கிடந்தது. பாண்டிசெல்வி தலைமாட்டில் நின்றுகொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

“எந்தம்பி வண்டி ஓட்டல!”

எல்லோரும் திரும்பினார்கள். சிப்பாய்களும்.

“அவன் ஓட்டல! சும்மா உக்காந்திருந்தான்! ஓட்டுனவன் உசுரோட இருக்கான்!”

அத்தை சுடலைமாடத்தி மார்பில் அறைந்துகொண்டு எழுந்து வந்தாள். பாண்டிசெல்வியை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“ஓட்டலையே... எய்யா நீ ஓட்டலையே... ஒசந்த மலையேறி உக்காந்து போனியே...”

சுற்றியிருந்த பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். “ஓட்டலையே எங்கய்யா, ஓட்டலையே...” ஒருத்தி எடுக்க, மற்றவர்கள் வாங்கினார்கள். அவள் சொன்ன சொல் அவள் கண்முன்னே ராகமாகிக்கொண்டிருந்தது.

“அத்தே, விடுங்க! நான் அழல! நெசமாச் சொல்லுதேன்!”

“அழுதிரு தாயி, அழுதிரு. மூணு நாளா அடக்கி வச்சிருக்க.”

யாரோ சோடாவை உடைத்து அவள் வாயில் வைத்தார்கள். அவள் தட்டிவிட்டாள். கத்தக் கத்த ஒப்பாரி ஏறியது. கடைசியில் அவள் வாயை மூடிக்கொண்டாள். பெண்களுக்கு மேலாக அப்பாவைப் பார்த்தாள். அவர் அதே நாற்காலியில், அதே மாதிரி, தரையைப் பார்த்தபடி இருந்தார். கேட்டதா இல்லையா என்று தெரியவில்லை.

“நேரமாச்சு. எடுத்திரலாம்,” என்றான் இசக்கிமுத்து.

மூடியைப் போட்டுத் திருகினார்கள். கொடியை விரித்தார்கள். சிப்பாய்கள் இரண்டு பக்கமும் வந்து நின்று, குனிந்து பிடிகளைப் பற்றினார்கள். முன்னால் ஒரு மூலையில் ஜெயபாண்டி. மூத்தவர் அவர்தான். அவர் உத்தரவு சொன்னால்தான் மற்ற ஐந்து பேரும் தூக்குவார்கள்.

ஒப்பாரி நின்றது. தெருவே காத்திருந்தது.

ஜெயபாண்டி வாயைத் திறந்தார். தொண்டை அசைந்தது. சத்தம் வரவில்லை. குனிந்திருந்த ஐந்து பேரும் அவரையே பார்த்தார்கள். அவர் வாயை மூடி எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடியும் திறந்தார்.

வரவில்லை.

பந்தலின் கடைசியில் சங்கிலிப்பாண்டி தலையைத் தூக்கினார்.

பதினேழு வருஷம் அந்த உத்தரவுக்கு அசைந்தவர் அவர். எத்தனையோ பெட்டிகளை அப்படித் தூக்கியவர். அந்தக் குரல் எந்த நொடியில் வந்தாக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அந்த நொடி போய்விட்டது. அதற்கு அடுத்ததும் போனது. அவர் ஜெயபாண்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மூன்று நாளில் அவர் ஒரு மனிதனின் முகத்தைப் பார்ப்பது இதுவே முதல் தடவை.

நாற்காலியிலிருந்து எழுந்தார். யாரோ பிடிக்க வந்த கையை விலக்கினார். துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கூட்டம் விட்ட வழியில் நடந்துவந்து பெட்டிக்கு முன்னால் நின்றார். ஜெயபாண்டி உடனே நிமிர்ந்து விறைத்தார். உதடு ஏதோ சொல்லத் துடித்தது.

அப்பா அதற்காகக் காத்திருக்கவில்லை. ஜெயபாண்டி இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த பிடியைப் பார்த்தார். குனிந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

“தள்ளு.”

ஜெயபாண்டி தள்ளி நின்றார்.

அப்பா பிடியைப் பற்றினார். மற்ற ஐந்து பேரையும் பார்த்தார். உத்தரவு எதையும் சொல்லவில்லை.

“தூக்குங்கய்யா,” என்றார், நெல்மூட்டை ஏற்றும் ஆட்களிடம் சொல்வதுபோல.

மொழி தெரியாத அந்தப் பையன்கள் தூக்கினார்கள்.

அப்பா குட்டையானவர். மற்றவர்கள் தோளுக்கும் அவர் தோளுக்கும் ஒரு சாண் வித்தியாசம். மடவார் வளாகத்து வெயிலில், ஒரு மூலை தாழ்ந்து, கொடி ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டே பெட்டி போனது. பாண்டிசெல்வி வாசலில் நின்று பார்த்தாள். அப்பா பாரத்தில் இரண்டு முறை தடுமாறினார். பின்னால் வெறுங்கையோடு நடந்துகொண்டிருந்த ஜெயபாண்டி இரண்டு முறையும் தாங்கக் கை நீட்டினார். இரண்டு முறையும் அப்பா திரும்பிப் பார்க்காமலே தோளை மட்டும் ஏற்றிக்கொண்டார்.