நாயைக் குளிப்பாட்ட நேரம் குறிக்க

நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் கடையை அவள் திறந்தபோது, அதற்கு இணையதளம் செய்யும் வேலையைக் கொழுந்தன் தானாகவே இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டான். அழகாகத்தான் செய்திருந்தான். முகப்பு நிறைய நாய்கள், ஈர மூக்கும் பளபளக்கும் முடியுமாகச் சிரித்தன. பார்த்தவர்கள் வாயாரப் புகழ்ந்தார்கள். நாயைக் கூட்டிக்கொண்டுதான் யாரும் வரவில்லை.

வந்த போன்களும் ஒரு தினுசாக இருந்தன.

“எங்க நாயையும் இந்த மாதிரி போட்டோ எடுக்கணும். காலையில வரலாமா?” என்று ஒருவர் கேட்டார்.

“நான் போட்டோ எடுக்கறதில்லீங்க. குளிப்பாட்டறேன்.”

“அப்படியா? அதையும் செய்யறீங்களா?”

இன்னொருவர் அந்த வெள்ளைக் குட்டி என்ன விலை என்று கேட்டதும் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. தன் அக்காவைக் கடைக்கு வரச் சொன்னாள். அக்கா வீட்டில் ஒரு சடைநாய் உண்டு. இணையதளத்தை அக்கா அதுவரை பார்த்ததே இல்லை.

லேப்டாப்பை அக்காவின் முன்னால் நகர்த்தி, “உன் நாய்க்கு நீயே நேரம் வாங்கு பார்ப்போம். நாங்க வாயே திறக்க மாட்டோம்,” என்றாள். கொழுந்தன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

‘எங்கள் உலகுக்குள் வாருங்கள்’ என்பதை அக்கா அழுத்தினாள். கடை பிறந்த கதை வந்தது. ‘பயணத்தைத் தொடர்க’ என்பதை அழுத்தினாள். ஷாம்பு வகைகள் வந்தன. ஓரத்தில் துடித்த இதயத்தைத் தொட்டாள். மாதாமாதம் மடல் அனுப்புவதாகச் சொல்லி நன்றி வந்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல அலைந்துவிட்டு, “இதுக்கு நான் நாயை வீட்டுலயே குளிப்பாட்டிடுவேன்,” என்றாள்.

கொழுந்தனுக்குத் தாங்கவில்லை. “கடைசிப் பக்கத்துல இருக்குக்கா. ‘தொடங்கலாமா’ன்னு போட்டிருக்கேனே.”

“எதைப்பா தொடங்கறது?” என்றாள் அக்கா, நிஜமாகவே புரியாமல்.

பதில் சொல்ல வாயெடுத்தவன் சிரித்துவிட்டான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“சரி, ‘நேரம் குறிக்க’ன்னு போட்டா போதுமா அண்ணி?”

“எதுக்கு நேரம்? கல்யாணத்துக்கா? நாயைக் குளிப்பாட்டன்னு சேர்த்துப் போடு.”

அப்படியே போட்டான். முகப்பின் நடுவில், பெரிய ஆரஞ்சுப் பொத்தானாக. மற்றப் பொத்தான்களை ஒவ்வொன்றாக எடுக்கும்போது, பெற்ற பிள்ளையை விடுதிக்கு அனுப்புகிறவன் போல முகத்தை வைத்துக்கொண்டான். இதயத்தை மட்டுமாவது விட்டுவைக்கலாமா என்று கெஞ்சிப் பார்த்தான். அவள் அசையவில்லை.

சனிக்கிழமை கடைக்குள் கால் வைக்க இடமில்லை. தொட்டியில் ஒன்று, மேஜையில் ஒன்று, வாசலில் கயிற்றை இழுத்துக்கொண்டு இரண்டு. பொத்தான் எப்படி வேலை செய்கிறது என்று எட்டிப் பார்க்க வந்த கொழுந்தன் கையில் அவள் துண்டைக் கொடுத்துவிட்டாள். சட்டையெல்லாம் நுரையாக நின்று அவன் கேட்டான்:

“அண்ணி, ‘இன்னைக்கு இடமில்லை’ன்னு எங்க போடறது?”

“பொத்தானுக்குப் பக்கத்துலயே போடு. பெரிசா. முதல்ல அந்தக் காதைத் துடை.”