அருவிக்குப் போகும் திங்கட்கிழமை

பத்தொன்பது வருஷம் அருவிக்குச் சுற்றுலாப் பேருந்து ஓட்டியவர், அந்த அருவியை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து முந்நூற்று நாற்பது படி கீழே இறங்க வேண்டும். பயணிகள் இறங்கிப் போனதும் அவர் கண்ணாடியைத் துடைப்பார், சக்கரங்களைத் தட்டிப் பார்ப்பார், திரும்பி ஓட்ட வேண்டுமே என்று பின் சீட்டில் காலை நீட்டித் தூங்கிவிடுவார். நனைந்த தலையோடு அவர்கள் திரும்பி வரும் சத்தத்தில்தான் விழிப்பார். மலைமேல் பனிக்குள் வண்டி நுழையும்போது, "எல்லாரும் பெல்ட்டப் போட்டுக்குங்க, மேகத்துக்குள்ள போறோம்" என்று அறிவிப்பு கொடுப்பது அவர் வழக்கம். அந்தப் பேருந்தில் பெல்ட்டே கிடையாது. கூட்டாளிகள் அவருக்கு பைலட் என்று பெயர் வைத்தார்கள்.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு நான்கு வருஷம் ஆகியிருந்தது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஆஸ்பத்திரிக்குப் போய், நாலு மணி நேரம் இரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். இடது கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறு மாதிரி புடைத்துக் கிடந்தது. குடிக்கிற தண்ணீருக்கும் கணக்கு. காலையில் அவர் மனைவி ஒரு பாட்டிலில் முக்கால் லிட்டர் ஊற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். டீ, ரசம், மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

அவளுக்கு ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை. ஈரப் படுக்கை விரிப்புகளை உதறி, சூடான இஸ்திரி உருளைக்குள் ஓரம் பிசகாமல் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. வீட்டுக்கு வந்தால் முதுகு தனியாக ஒரு ஆள் மாதிரி வலிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்தான் பேச்சை எடுத்தார்.

"ஏம்மா, அந்த அருவிய ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வந்துடலாமா?"

அவள் துணி மடிப்பதை நிறுத்தினாள். நான்கு வருஷத்தில் அவர் வாயிலிருந்து 'போகலாம்' என்று வந்தது அதுதான் முதல் தடவை.

"தண்ணிய அளந்து குடிக்கிற ஆளுக்கு அருவி கேக்குதா?" என்றாள், சிரித்துக்கொண்டே.

"ஆத்துல எவ்வளவு தண்ணி போனாலும் நாய் நக்கித்தானே குடிக்கும். நான் பாக்கத்தானே போறேன்."

அன்று சாயங்காலமே மாத்திரை அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, அதன் உள்பக்கத்தில் வழியை வரைந்தார். எந்த வளைவில் பயணிகள் வாந்தி எடுப்பார்கள், எந்தக் கடையில் கழிப்பறை சுத்தமாக இருக்கும், எந்த இடத்தில் எதிரே வருகிறவன் ஒதுங்கமாட்டான் எல்லாம் அதில் இருந்தது. காலை ஐந்துக்குக் கிளம்பினால் ஒன்பதுக்கு அங்கே இருக்கலாம். சாயங்காலம் ஏழு மணிக்குள் வீடு திரும்பலாம்.

அவளுடைய தம்பியிடம் ஒரு வேன் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவன். "மாமா கேட்டா நான் மாட்டேன்னு சொல்லுவேனாக்கா? ஆனா பக்கத்து சீட்டுல உக்காந்துகிட்டு பிரேக் போடு பிரேக் போடுன்னு என் உயிர வாங்கக்கூடாது. அத மட்டும் சொல்லிடு" என்றான்.

படிதான் தடையாக நின்றது. அவள் சாப்பாட்டு இடைவேளையில் அருவியின் அலுவலகத்துக்கு நாலு தடவை போன் செய்தாள். ஐந்தாவது தடவை ஒருவர் எடுத்தார். நடக்க முடியாதவர்களை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்க ஆட்கள் உண்டு, ஆனால் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அவர்கள் வரமாட்டார்கள், வார நாளில் வாருங்கள் என்றார். மாசக் கடைசிக்குள் வந்தால்தான் நிறையத் தண்ணீர் விழும் என்றும் சொன்னார்.

ஆஸ்பத்திரி நாட்கள் போக, திங்கட்கிழமை வசதியாக இருந்தது. மேற்பார்வையாளரிடம் கெஞ்சி, இரண்டு வாரம் கழித்து வரும் திங்களுக்கு அவள் விடுப்பு வாங்கினாள். தம்பியும் அன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வேறு வண்டி சொல்லிவைத்தான்.

அந்த இரண்டு வாரமும் வீடு வேறு மாதிரி இருந்தது. அவர் பழைய டிரைவர் சட்டையைத் தேடி எடுக்கச் சொன்னார். தோளில் தொளதொளவென்று நின்றது. "சட்டை வளந்துடுச்சு" என்றார். அவள் அதன் பக்கங்களைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். மனுஷன் மறுபடி தலையெடுக்கிறார் என்று நினைத்தாள். வேலையில் உருளைக்கு எதிர்ப்புறம் நின்று விரிப்பை வாங்குகிறவளிடம்கூட அதைச் சொன்னாள்.

அந்தத் திங்களுக்கு முந்தின சனிக்கிழமை அவரை இயந்திரத்தில் பூட்டிவிட்டு, நர்ஸ் அவளைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டாள்.

"அக்கா, நீங்க ரெண்டு பேரும் நல்லா யோசிச்சுத்தானே முடிவு பண்ணீங்க?"

"ஒரு நாள்தானே சிஸ்டர். காலையில போய் சாயங்காலம் வந்துடுவோம்."

நர்ஸ் அவளையே பார்த்தாள். "நான் அருவியச் சொல்லலக்கா. செவ்வாய்க்கிழமையிலேருந்து வரமாட்டேன்னு அண்ணன் சொல்லிட்டார். டாக்டர் ரெண்டு தடவ உக்கார வச்சுப் பேசினார். வீட்டுல சொல்லிட்டேன், அவளுக்கும் சம்மதம்தான்னார். அவரோட இடத்துக்கு ஆள்கூடச் சொல்லியாச்சு. ஒரு டீச்சர், ஆறு மாசமா காத்திருக்காங்க."

அவளுக்கு முதலில் ஒன்றும் ஏறவில்லை. செவ்வாய்க்கிழமை வராவிட்டால் வியாழன் வருவாரா என்று கேட்டாள். நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் புரிந்தது. சுத்தம் செய்யாமல் விட்டால் பத்து நாள், மிஞ்சினால் பதினைந்து நாள்.

வீட்டுக்கு வந்து அவர் கட்டிலில் சாய்ந்ததும் அவள் கேட்டாள்.

"திங்கக்கிழமை அருவி. அதுக்கப்புறம் என்னங்க பிளான்?"

அவருக்கு விளங்கிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டார்.

"முடியலம்மா. ஒரு நாள் ஊசி, மறுநாள் மயக்கம், அதுக்கு மறுநாள் திரும்ப ஊசி. இதுல நான் எங்க இருக்கேன்? நீயும் ஓடிக்கிட்டே இருக்க. உன் முதுகப் பாக்கறப்பல்லாம் எனக்கு..."

"என் முதுகு உங்ககிட்ட வந்து அழுதுச்சா? சம்மதம்னு என் பேரச் சொல்லியிருக்கீங்களே, என்னக் கேட்டீங்களா?"

"கேட்டா நீ விடமாட்ட."

"விடமாட்டேன்தான்."

அவர் முன்னாலேயே தம்பிக்குப் போன் போட்டாள். "திங்கக்கிழமை வேன் வேணாம்டா. போகல." அவன் ஏன் என்று கேட்கும் முன்னே வைத்தாள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போட்டு, செவ்வாய்க்கிழமை வழக்கம்போல வருவோம் என்றாள். அருவியைப் பார்த்தால்தானே இவர் முடித்துக்கொள்வார், பார்க்காவிட்டால் முடிக்கமாட்டார் என்பது அவள் கணக்கு. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சண்டை போட்டிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை விடியும் நேரத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டு அவள் விழித்தாள். அவர் முகம் மழித்துக்கொண்டிருந்தார். தைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டு, பொத்தானை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு, வாசல் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். எழுந்து வா என்று அவளைக் கூப்பிடவில்லை. அவளும் தூங்குவது போலவே படுத்திருந்தாள். எழுந்தால் கிளம்பிவிடுவோம் என்று பயமாக இருந்தது. ஐந்து, ஆறு, ஏழு ஆனது. தெருவில் பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஒன்பது மணிக்கு அவர் சட்டையைக் கழற்றி, மடித்து, அலமாரியில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு பெண் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கி, மூச்சு வாங்கியது. அவருடைய இடத்துக்குக் காத்திருந்த டீச்சர்தான் அவள்; இடம் இல்லை என்று தகவல் சொல்ல யாரோ மறந்திருந்தார்கள். நர்ஸ் குனிந்து ஏதோ சொன்னாள். அந்தப் பெண் கோபப்படவில்லை. "பரவாயில்ல சிஸ்டர்" என்று எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பைலட் அவள் போவதைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றம் சொல்வது எதுவும் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

அதன்பிறகு அவர் ஒரு நாள்கூடத் தவறவில்லை. எடை பார் என்றால் ஏறி நிற்பார், கையை நீட்டு என்றால் நீட்டுவார். நர்ஸ்களிடம் அடிக்கும் கிண்டல் நின்றுபோனது. பாட்டிலில் தண்ணீர் மீதமிருந்தது. தாகமே இல்லை என்றார்.

ஏழு மாதம் போனது. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், அவள் அவர் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தை அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். அழுத்திய இடம் குழியாகவே நின்றது.

"ஏங்க, தம்பிகிட்ட பேசறேன். அடுத்த திங்கக்கிழமை போயிட்டு வருவோம். அருவியில தண்ணி நல்லா விழுதாம்."

"வேணாம்."

"உங்களுக்காகத்தானே சொல்றேன். நான் எதுவும் கேக்கமாட்டேன். அதுக்கப்புறம் நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படி."

அவர் கூரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அன்னைக்கே போயிருந்தா, அதப் பாத்துட்டு, சரி இன்னும் கொஞ்ச நாள் இருந்து பாக்கலாமேன்னு தோணியிருக்குமோ என்னவோ. எனக்கே தெரியலம்மா. அன்னைக்கு அட்டையில வழிய வரைஞ்சுக்கிட்டிருந்தப்ப அப்படி ஒரு நெனப்பு வந்துச்சு. இப்ப போனா வெறும் தண்ணிதான்."

அவர் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். அவள் கை அவர் பாதத்தின் மேல் அப்படியே நின்றது. கொஞ்ச நேரத்தில் அவர் தூங்கிப்போனார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு வாடகை வண்டி வந்து வாசலில் நின்றது. அவள் அவர் கையைப் பிடித்து வாசற்படியில் இறக்கினாள். இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.