பத்து–பதினொன்று ஸ்பானர்

உள்ளே ஃபாத்திமாவுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் அவள் புருஷன் தனிஸ்லாஸ் பிக்கப் வண்டியின் பானெட்டைத் திறந்து வைத்து நாலாவது பிளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

துக்கத்துக்கு வந்த குருசுக்குப்பத்து ஜனங்கள் செருப்பை விடும்போது அவரைப் பார்த்தார்கள். உள்ளே போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்து, மறுபடியும் அவரைப் பார்த்தார்கள். ஊர் வாய்க்கு ஒரு மாசத்துக்கு வேறு தீனி வேண்டாம்.

"செபம் ஆரம்பிக்கப் போறாங்கப்பா. உள்ள வாங்க" என்றாள் மகள் ஸ்டெல்லாமேரி.

"பிளக்கு நல்லா இருக்கு. பெட்ரோல் வருது. ஃபில்டரக் கழட்டி ஊதிட்டேன். அப்புறம் ஏன் இழுக்கல?"

காலையிலிருந்து இதே கேள்விதான். விடியும் முன்னே இரண்டு பேரும் கனகசெட்டிக்குளம் போய் மீன் எடுத்து வருவார்கள். ஃபாத்திமா பெரிய மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்பாள். இன்று கரையில் விலை பேசிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு பறந்தார் தனிஸ்லாஸ். பாதி வழியில் வண்டிக்கு இழுவை போய்விட்டது. மிதிக்க மிதிக்க எஞ்சின் கத்தியதே ஒழிய வேகம் ஏறவில்லை. பால்காரனின் சைக்கிள் அவரை முந்திப் போயிற்று. கை காட்டியதற்கு எந்த வண்டியும் நிற்கவில்லை. உருட்டாத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது, "கால் மணி நேரம் முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம்" என்றாராம் டாக்டர். படித்த மனுஷன், அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஃபாத்திமாவின் அண்ணன் ஜோசப் ஆனந்த் வாசலுக்கு வந்தார். "இந்த ஓட்ட வண்டிதான் என் தங்கச்சியக் கொன்னுது. இன்னும் அதையே கட்டிக்கிட்டு அழுவுறீங்களே மச்சான்" என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தனிஸ்லாஸ் பிளக்கைத் துடைத்துத் திரும்ப மாட்டினார். "வண்டி தானா கெட்டுச்சுன்னா அது ஆண்டவர் சித்தம். என் கை தப்பா இருந்திச்சுன்னா நான் இருக்க மாட்டேன் பாப்பா."

மீன் விலை சொல்வதுபோல அவர் அதைச் சொன்னதுதான் ஸ்டெல்லாமேரிக்குப் பயமாக இருந்தது. சொன்னதைச் செய்கிற மனிதர் அவர்.

"டைமிங்தான் பாக்கி. நேத்துதான வெச்சேன். கோடு நேரா இருக்கா பாரு. கிட்டத்துல பாக்குற கண்ணாடி ஆஸ்பத்திரியில உடஞ்சு போச்சு."

தனிஸ்லாஸ் எந்தக் கருவியும் இல்லாமல் காதாலேயே டைமிங் வைப்பார். பிளக்குகளுக்கு நெருப்பைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் நட்டைத் தளர்த்துவார். எஞ்சின் ஓட ஓட அதை மெல்லத் திருப்பி, சத்தம் சரியாக வந்ததும் நிறுத்துவார். அதிலிருந்து எஞ்சின்வரை மகளின் நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்து, அப்புறம் நட்டை இறுக்குவார். இறுக்காவிட்டால் அது ஓட்டத்தில் நகர்ந்து, வண்டிக்கு இழுவை போய்விடும்.

நேற்றுச் சாயங்காலம் கோடு இழுத்தவள் ஸ்டெல்லாமேரிதான். குப்பியை மூடும்போது கோயிலில் ஆறு மணி அடித்தது. மணி அடித்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட வேண்டும், அது ஃபாத்திமாவின் சட்டம். "மணி அடிக்குது, ஸ்பானர வைங்க" என்று அவள் வந்து நின்றாள். மூன்று பேரும் வண்டிப் பக்கத்திலேயே நின்று மூவேளை செபம் சொன்னார்கள். ஆமென் சொன்ன வாயோடு, "தோச ஆறிடும், வாங்க" என்றாள். எல்லாரும் சாப்பிடப் போனார்கள். நட்டு யாருக்கும் ஞாபகமில்லை.

இப்போதுதான் அது ஸ்டெல்லாமேரிக்கு ஞாபகம் வந்தது. குனிந்து பார்த்தாள். சிவப்புக் கோடு இரண்டாகப் பிரிந்து, நடுவே ஒரு பட்டாணி அகலம் விட்டிருந்தது. விரலால் தொட்டாள். டிஸ்ட்ரிபியூட்டர் கையோடு திரும்பியது.

அப்பா மேல் கோபம் வந்தது. மணி அடித்ததும் வந்து நின்ற அம்மா மேலும் கோபம் வந்தது. இரண்டு கோபத்தையும் வைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்தாள்.

"நேரா இருக்குப்பா."

"நல்லாப் பாத்தியா?"

"நான்தான வரஞ்சேன். ஒட்டிக்கிட்டுதான் இருக்கு."

தனிஸ்லாஸ் தலையை ஆட்டினார். "அப்ப கார்புரேட்டர்ல தூசிதான். தூசி அடச்சிருக்கு." கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். காலையிலிருந்து அழாதவர் இப்போது வாய்விட்டு அழுவது வாசல்வரை கேட்டது.

பெட்டியை இந்த வண்டியில்தான் எடுக்கப் போகிறார்கள். அம்மா இரண்டாவது முறையும் நடு ரோட்டில் நிற்க வேண்டாம். ஸ்டெல்லாமேரி கோட்டை ஒன்றோடொன்று சேர்த்து வைத்து, பத்து–பதினொன்று ஸ்பானரால் நட்டைப் பலங்கொண்ட மட்டும் முறுக்கினாள். யாரோ வரும் சத்தம் கேட்டு ஸ்பானரைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

கல்லறைக்கு வண்டி ஃபர்ஸ்ட் கியரிலேயே போயிற்று. ஜனங்கள் நடக்கிற வேகத்துக்கு எந்த வண்டியும் நல்ல வண்டிதான்.

திரும்பும்போது அப்பாவும் மகளும் மட்டும். ரோடு காலியாக இருந்தது. தனிஸ்லாஸ் பழக்கத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தார். வண்டி குதித்துக்கொண்டு பாய்ந்தது. காலை எடுத்தார். மறுபடி மிதித்துப் பார்த்தார். முன்பு போலவே இழுத்தது. கார்புரேட்டரை அவர் தொடவே இல்லை.

ஸ்டெல்லாமேரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எங்கோ கோயிலில் ஆறு மணி அடித்தது. தனிஸ்லாஸ் வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினார். செபத்தை ஆரம்பிக்கிறவள் எப்போதும் ஃபாத்திமாதான். மணி அடங்கியதும் அவர் மகள் பக்கம் கையை நீட்டினார். ரேகையெல்லாம் கறுப்பு எண்ணெய்.

அவள் கைப்பையைத் திறந்து ஸ்பானரை எடுத்துக் கொடுத்தாள்.

இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கினார். தடவித் தடவி டிஸ்ட்ரிபியூட்டர் நட்டைக் கண்டுபிடித்து ஸ்பானரை மாட்டி அழுத்தினார். அசையவில்லை.

"நல்லாத்தான் முறுக்கியிருக்க" என்றார்.

பானெட்டை மூடாமல் அங்கேயே நின்றார். ஸ்டெல்லாமேரி வண்டிச் சாவியை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டு, இறங்கிப் போய் அவர் பக்கத்தில் நின்றாள்.