கீழ் ஹோஸ்

அப்பாவின் பழைய காரை என் ஷெட்டுக்குள் ஓட்டி வந்தவன் மாமா மகன். பின்சீட்டில் அம்மா. முன்சீட்டில் மாமா, என்னை நக்கலடிக்கவென்றே கிளம்பி வந்தவர் போல.

ஒன்பது வருடத்துக்கு முன் மாமாவின் ஒர்க்‌ஷாப்பில்தான் நான் வேலை பார்த்தேன். ஒருநாள் கஸ்டமர் காரில் ஆயில் மாற்றிய மாமா, அடி நட்டை முறுக்காமல் விட்டுவிட்டார். வழியெல்லாம் ஆயில் ஒழுகி எஞ்சின் இறுகிப்போனது. "இவதான் மறந்துட்டா" என்று வாய் கூசாமல் சொன்னார். அம்மா தன் தம்பியைத்தான் நம்பினாள். அவள் கண்ணெதிரிலேயே இந்த மனிதரின் குட்டை உடைக்க வேண்டும் என்று அன்று மூண்ட ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

"சூடாகுதுன்னு ரேடியேட்டர் மாத்தியாச்சு, பம்ப் மாத்தியாச்சு, ஹோஸும் புதுசு. எஞ்சின் போச்சு, எடைக்குப் போட வேண்டியதுதான். உங்கம்மா கேட்டாத்தானே?" என்றார் மாமா.

நான் அம்மாவைக் கேட்டேன். "எப்பம்மா சூடாகுது?"

"ஊருக்குள்ள ஒண்ணும் இல்ல. வெளிய வேகமா போனா கால் மணி நேரத்துல முள்ளு மேல ஏறிடுது."

ஒன்பது வருடத்தில் அவள் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

நின்ற இடத்தில் எஞ்சின் சாதுவாக ஓடியது. மாமா மகனை ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் குனிந்து டார்ச் அடித்தேன். ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்புக்குத் தண்ணீர் போகும் ரப்பர் குழாயான கீழ் ஹோஸ், பம்ப் இழுத்த இழுப்பில் ஒட்டிய கன்னம் போல உள்ளே போனது. அப்புறம் தண்ணீர் எப்படிப் போகும்?

எஞ்சின் ஆறியதும், மாட்டியிருந்தபடியே ஹோஸைச் செல்போனில் படம் எடுத்தேன். பழி விழுந்த நாளிலிருந்து, எதைக் கழற்றினாலும் முதலில் ஒரு படம். பிறகு ஹோஸைக் கழற்றி அம்மாவிடம் காட்டினேன்.

"இது சப்பிப்போகாம இருக்க உள்ள ஒரு ஸ்பிரிங் இருக்கணும்மா. புது ஹோஸ் மாட்டினவங்க அதைப் போடாம விட்டுட்டாங்க."

மாமா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இவன்தான் மாட்டினான். சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிச்சுது" என்று மகனைக் கைகாட்டினார்.

முப்பது வயது ஆள், தலையைக் குனிந்துகொண்டு "ஆமா அத்தை, நான்தான்" என்றான். அம்மா நம்பிவிட்டாள்.

ஸ்பிரிங் உள்ள புது ஹோஸ் ஒன்றை எடுத்து நீட்டினேன். "மாமா, பம்ப் பக்கம் உங்க மகன் முறுக்கட்டும். ரேடியேட்டர் பக்கம் நீங்க. உங்க கை பட்டா எனக்கும் தைரியமா இருக்கும்."

தேன் ஒழுகச் சொன்னேன். பெருமை தலைக்கேறி ஸ்க்ரூடிரைவரை வாங்கினார், இடது கையில். மாமா இடக்கைக்காரர், ஹோஸைக் கவ்வும் எந்தக் கிளாம்பை முறுக்கினாலும் திருகுத் தலை இடப்பக்கம் பார்த்துத்தான் நிற்கும்.

வேலை முடிந்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மாமாவின் திருகு இடப்பக்கம், மகனுடையது வலப்பக்கம். பிறகு செல்போனை நீட்டினேன். பழைய ஹோஸில் இரண்டுமே இடப்பக்கம்.

மாமா முகத்தில் ஈயாடவில்லை. மகன் மெல்ல, "நான் அந்த ஹோஸைத் தொடவே இல்ல அத்தை" என்றான்.

அம்மா தம்பி பக்கம் திரும்பினாள். "அப்ப அன்னைக்கு அந்த ஆயில் நட்டு?"

"அக்கா, அது வந்து..."

பொய் சொல்வானேன், கண் குளிர நின்று பார்த்தேன்.

அம்மா வந்து என் கிரீஸ் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னை மன்னிச்சிடுடி."

கையை உருவிக்கொண்டேன். "வண்டி ரெடி. போயிட்டு வாம்மா."

அவள் முகம் சுருங்கியது. அதையும் நான் ரசித்தேன். மாமாவைவிட அவள்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம் என்று அப்போதுதான் தெரிந்தது.