ஏழாவது கோடு

அச்சகத்தில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பிழை திருத்துவது என் வேலை. விட்டுப்போன ஒரு புள்ளிக்காக ஆளைக் கூப்பிட்டு நிற்கவைப்பேன். அன்று வந்தது நர்ஸ் மாணவிகளுக்கான பாடநூல். ஆணுறுப்புப் படத்தில் பதினோரு கோடுகள், பதினோரு பெயர்கள். பெண்ணுறுப்புப் படத்தில் ஏழு கோடுகள், கீழே ஆறே பெயர்கள். ஏழாவது கோடு மேலே ஒரு சின்ன மொட்டில் போய் முடிந்தது.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம், இரண்டு பிள்ளை பெற்றவள் நான். எனக்கும் அதன் பெயர் தெரியவில்லை. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, நூலை எழுதிய நர்ஸிங் டீச்சருக்குப் போன் செய்தேன்.

"அதுவா? கிளிட்டோரிஸ். பரீட்சையில கேக்க மாட்டாங்கன்னு விட்டுட்டேன். கோட்டையும் எடுத்துடுங்க."

"அதுக்கு என்ன வேலை, டீச்சர்?"

அவர் குரல் தாழ்ந்தது. "சுகம். அது ஒண்ணுதான் வேலை. வெளிய தெரியுறது நுனி, மிச்சம் உள்ளுக்குள்ள ரெண்டு பக்கமும் இறங்குது. அதைத் தொடாம நிறைய பேருக்கு உச்சம் வராது. அது அவங்க குறை இல்ல."

போனை வைத்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. உணர்ச்சியே இல்லாத ஜென்மம் என்று என்னை நானே தீர்மானித்து வைத்திருந்தேன். கணவர் மனம் நோகக்கூடாதென்று ஒவ்வொரு முறையும் சுகம் கண்டதுபோல நடித்தேன். கோட்டை எடுக்கவில்லை. பெயரையும் வேலையையும் சிவப்பு மையில் எழுதி டீச்சருக்கே திருப்பி அனுப்பினேன். அவர் அதை அடித்தால் அடிக்கட்டும், சண்டைக்கு நான் தயார்.

மாலையில் பிள்ளைகள் டியூஷனுக்குப் போயிருந்தார்கள். கணவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். ஈ எறும்புக்கும் கெடுதல் நினைக்காத மனுஷன். படத்தின் நகலை அவர் முன் வைத்து, டீச்சர் சொன்னதைச் சொன்னேன்.

வெகுநேரம் பார்த்தார். "எனக்கு இதை யாரும் சொன்னதே இல்ல." தலை நிமிராமலே கேட்டார்: "அப்ப இத்தனை வருஷம்... உனக்கு?"

வழக்கமான பொய் நுனிநாக்கு வரை வந்தது.

"ஒரு தடவைகூட இல்லைங்க."

அவர் கண் கலங்கியது. தேற்றப் போன கையை இழுத்துக்கொண்டேன். எப்போதும் நான்தான் அவரைத் தேற்றுவேன். இன்று அழ வேண்டியவள் நான். அழுதேன். அவர் மடித்த துணியை ஒதுக்கிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.