அடைப்புக்குறிக்குள் பொறுப்பு

என் சட்டையில் குத்தியிருக்கும் அட்டையில் 'மேற்பார்வையாளர்' என்று இருக்கும். பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'பொறுப்பு'. அந்த இரண்டு வளைந்த கோடுகளால் ஆஸ்பத்திரி முழுக்க நான் 'பிராக்கெட் அக்கா'.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், வீட்டு பீரோ கதவின் உள்பக்கம் சாக்பீஸால் படிக்கட்டு வரைந்தேன். முதல் படி, ஆபரேஷன் கத்தரிகளைக் கழுவி அடுக்குவது. அடுத்தது, அவற்றை வேகவைக்கும் நீராவி இயந்திரம். பிறகு மாலை நேரப் படிப்பு. அப்புறம் மேற்பார்வையாளர். உச்சியில், கருவிகள் வாங்கும் பிரிவு. அங்கே ஜன்னல் உண்டு. நாங்கள் இருப்பது தரைக்குக் கீழே.

"படி இருக்கு, மாடியைக் காணோமேடி!" என்பான் அண்ணன். 

பழைய மேற்பார்வையாளர் ஓய்வு பெற்ற அன்று மேனேஜர், "பொறுப்பை நீ பாத்துக்கம்மா" என்றார். நான்காவது படியை அன்றைக்கே வெள்ளையாக நிரப்பினேன். நிரந்தரம் எப்போது என்று கேட்கும்போதெல்லாம், "கொஞ்சம் பொறும்மா."

இன்று காலை அவர் ஒரு புதிய ஆளோடு வந்தார்.

"இவர்தான் இனிமே மேற்பார்வையாளர். வேலையெல்லாம் சொல்லிக் குடுத்துடு."

"அப்ப நான் சார்?"

"அஞ்சு வருஷ அனுபவம் கேக்கறாங்கம்மா. பொறுப்பு பாத்ததெல்லாம் அனுபவத்துல சேராது."

"ஆறு வருஷமா நான் என்ன பாத்தேன்? வேடிக்கையா?"

"கோவப்படாதே. உன்னை மாதிரி யாரு இருக்கா?"

அட்டையைக் கழற்றி அவர் கையில் வைத்தேன். தொட்டியருகே போய்க் குழாயைத் திறந்தேன். முதல் படி.

நீராவி இயந்திரம் கூவி நின்றது. மேற்பார்வையாளர் கையெழுத்துப் போடாமல் அதில் வேகவைத்த கருவித் தட்டுகள் மாடிக்குப் போகக் கூடாது. புதியவர் மேனேஜரைப் பார்த்தார்.

"இவருக்குக் கையெழுத்து அதிகாரம் நாளைக்குத்தான் வருது. இன்னிக்கு மட்டும் நீ போட்டுடும்மா."

"பிராக்கெட்டை அழிச்சுக் குடுங்க, போடறேன்."

"அதுக்கு மேலிடத்துல கேக்கணுமே!"

"கேளுங்க. ஆறு வருஷத்துல ஒரு தடவையாவது கேளுங்க."

சுவரிலிருந்த தொலைபேசி அலறியது. மேனேஜர் எடுத்துக் கேட்டார். முகம் சுருங்கியது. ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"டாக்டர் கத்தறாரும்மா! மத்தியான ஆபரேஷனுக்குத் தட்டு வேணுமாம். என்ன சொல்ல?"

கத்தரியைத் திறந்து, அதன் இடுக்கில் பிரஷை அழுத்தித் தேய்த்தேன்.

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க சார்."